எல்லைக்கோட்டில் ஒரு கல்யாணம்

மெக்சிகோவின் எல்லையூர் ஒன்றில் எஸ்பெரான்ஸா என்று ஒரு ஓட்டல். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்து அமெரிக்க விசாவுக்காகக் காத்திருப்பவர்களால் அது நிரம்பி வழிகிறது. புதிதாக வந்து நிற்கும் ருமேனியனுக்கு அங்கே இடமில்லை. பிறகு ஒரு அறை காலியாகிறது. அதில் தங்கியிருந்தவர் தூக்கு மாட்டிக்கொண்டுவிட்டார். அந்த அறையைத்தான் அவன் எடுத்துக்கொள்கிறான். 1941 செப்டம்பர் இறுதியில் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஹோல்ட் பேக் த டான்' என்ற படம், தன் காதல் கதைக்குள் நம்மை அழைத்துப்போவது இந்த அறையின் வழியாக.

இயக்கியவர் மிட்செல் லைசன். திரைக்கதை எழுதியவர்கள் சார்லஸ் பிராக்கெட்டும் பில்லி வைல்டரும். ஜார்ஜ் இஸ்கோவெஸ்கு என்ற அந்த ருமேனியனாக பிரெஞ்சு நடிகர் ஷார்ல் புவாயே நடித்தார். ஐரோப்பாவின் உல்லாச ஊர்களில் பணக்காரப் பெண்களோடு ஆடிப் பிழைத்தவன் ஜார்ஜ். ருமேனியர்களுக்கான ஒதுக்கீட்டில் அவன் முறை வர பல ஆண்டுகள் ஆகும். அவனுடைய பழைய ஆட்டத்துணை அனிடா குறுக்குவழி சொல்லித்தருகிறாள்: அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருத்தியைக் கட்டிக்கொள், உள்ளே போனதும் கழற்றிவிடு. அவளே அப்படிப் போய் வந்தவள்தான். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். கலிஃபோர்னியாவின் அஸூசா என்ற சிற்றூரிலிருந்து பள்ளிப் பையன்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வருகிறாள் ஆசிரியை எம்மி பிரவுன். பேருந்து பழுதாகிறது. அது சீக்கிரம் சரியாகிவிடாமல் ஜார்ஜ் பார்த்துக்கொள்கிறான். பையன்கள் ஓட்டல் கூடத்தில் படுத்துத் தூங்க, அந்த ஓர் இரவுக்குள் அவளிடம் காதல் பேசி, அனிடாவிடம் வாங்கிய மோதிரத்தைப் போட்டு, விடிவதற்குள் கல்யாணத்தையும் முடித்துவிடுகிறான். எம்மியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட், காதலிக்கப்படுவோம் என்ற எண்ணத்தையே கைவிட்டுவிட்ட ஒரு பெண்ணின் முகத்தில் நம்பிக்கை மெல்ல ஏறுவதைக் காட்டும் விதம், இந்தக் கதையில் எது களவு போகிறது என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது. அவருக்கு அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது அவருடைய தங்கை ஜோன் ஃபான்டெய்னுக்குப் போனது. படம் மொத்தம் ஆறு பரிந்துரைகள் பெற்றது. ஒன்றும் கைக்கு வரவில்லை.

ஒரு காரியத்துக்காகச் செய்துகொண்ட கல்யாணம், போரின் நெருக்கடியில் நிஜக் காதலாக மாறுவது திரைப்படத்துக்குப் பழகிய கதைதான். இந்த வகைப் படங்களில் என்னை இழுப்பது மாற்றம் நிகழ்கிறது என்பதல்ல, எந்த இடத்தில் நிகழ்கிறது என்பது. மற்றக் காதல் கதைகளில் மறைத்துவைத்த உண்மை வெளியே வரும்போது காதல் கனியும். காரியக் கல்யாணக் கதைகளில் அரசாங்கத்தின் முன்னால் ஒருவருக்காக இன்னொருவர் தெரிந்தே பொய் சொல்லும்போதுதான் காதல் நிரூபணமாகிறது. அந்தப் பொய்யை அவர்கள் வாயில் வைத்தது எது என்று பார்க்கப்போனால் படத்தை விட்டு வெளியே வந்து சட்டப்புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது.

முதலில் படம் பிறந்த விதம். கதையை எழுதியவர் கெட்டி ஃபிரிங்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர். அவருடைய கணவர் கர்ட் ஃபிரிங்ஸ் ஜெர்மனியில் பிறந்த குத்துச்சண்டை வீரர். அமெரிக்காவுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் மெக்சிகோ எல்லையில் காத்துக் கிடந்தார். கெட்டி இந்தப் பக்கம், கணவர் அந்தப் பக்கம். அந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்த கதையைத்தான் பாரமவுண்ட் வாங்கியது. நிஜத்தில் நேசித்து மணந்தவர்களின் துயரம் திரையில் ஒரு மோசடிக்காரனின் கதையாக உருமாறியதை நான் வருத்தத்தோடுதான் பார்க்கிறேன். நேர்மையான தம்பதியைச் சட்டம் பிரித்துவைத்திருக்கிறது என்று சொன்னால் குற்றவாளி சட்டம். ஏமாற்றுக்காரன் ஒருவன் சட்டத்தைச் சுற்றிவரப் பார்க்கிறான் என்று சொன்னால் குற்றவாளி அவன். ஒரே எல்லை, ஒரே காத்திருப்பு. பழி மட்டும் இடம் மாறிவிட்டது.

பில்லி வைல்டருக்கும் அந்த எல்லை தெரியும். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீஷியாவில் 1906இல் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டுப் பாரிஸுக்கு ஓடி, 1934இல் பார்வையாளர் விசாவில் அமெரிக்கா வந்தவர். நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் நாட்டை விட்டு வெளியே போய், குடியேறும் விசாவோடு திரும்ப நுழைய வேண்டும். அதற்காக மெக்ஸிகாலியில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன் போய் நின்றார். கேட்ட ஆவணங்களில் பெரும்பாலானவை அவரிடம் இல்லை. என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். சினிமாவுக்கு எழுதுகிறேன் என்றார் வைல்டர். நல்ல படமாக எழுதுங்கள் என்று சொல்லி அதிகாரி முத்திரை குத்திவிட்டார். 1988இல் ஆஸ்கர் மேடையில் தால்பெர்க் விருது வாங்கியபோது வைல்டர் இந்தக் கதையைச் சொல்லி அந்த மனிதருக்கு நன்றி செலுத்தினார். வைல்டருடைய தாய் ஐரோப்பாவிலேயே இருந்தார். நாஜிகளின் இன அழிப்பில் அவர் உயிர் போனது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் படத்தில் இடம்பெறாமல் போன ஒரு காட்சியின் மேல் வைல்டருக்கு இருந்த பிடிவாதம் புரியும். காத்திருந்து நொந்துபோன ஜார்ஜ், அழுக்கு அறையில் படுத்திருக்கிறான். சுவரில் ஒரு கரப்பான்பூச்சி ஊர்கிறது. கையில் இருக்கும் குச்சியால் அதை மறித்து, எங்கே போகிறாய், விசா வைத்திருக்கிறாயா என்று எல்லை அதிகாரியின் குரலில் விசாரிக்கிறான். வைல்டரும் பிராக்கெட்டும் எழுதிய காட்சி இது. கரப்பான்பூச்சியோடு பேசுவது தன் தகுதிக்குக் குறைவு என்று புவாயே மறுத்துவிட்டார். லைசனும் நடிகரின் பக்கம் சாய்ந்தார். ஆத்திரம் தாங்காத எழுத்தாளர்கள் இருவரும், இன்னும் எழுதி முடிக்காமல் இருந்த பகுதியில் புவாயேயின் வசனங்களைக் குறைத்து டி ஹாவிலண்டுக்குக் கூட்டிவிட்டார்கள். வைல்டர் பிற்பாடு பலமுறை சொன்ன கதை இது. இனித் தன் எழுத்தைத் தானே இயக்குவது என்ற முடிவுக்கு அவரைத் தள்ளியவற்றுள் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே 'த மேஜர் அண்ட் த மைனர்' படத்தின் மூலம் ஹாலிவுட்டில் இயக்குநராகிவிட்டார்.

சினிமா வரலாற்றில் இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்வது வழக்கம். எனக்கு இது பெரிய இழப்பு. படத்தில் அதிகாரத்தின் குரலை அகதி தன் வாயால் பேசிப் பார்க்கும் ஒரே இடம் அதுவாக இருந்திருக்கும். தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியைத் தன்னைவிட எளிய ஒரு உயிரிடம் திருப்பிக் கேட்கிறான். அந்தக் கேள்வி எவ்வளவு பொருளற்றது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அதை எடுத்துவிட்ட பிறகு படத்தில் அதிகாரத்தின் குரலாக எஞ்சுவது குடிவரவு அதிகாரி ஹாமக். வால்டர் ஏபெல் நடித்த அந்தப் பாத்திரம் கண்டிப்பானது, மோப்பம் பிடிப்பது; ஆனால் அடியில் ஈரமுள்ளது. கடைசியில் ஜார்ஜை மன்னித்து எல்லையைத் திறந்துவிடுவதும் ஹாமக்தான்.

இப்போது சட்டம். 1924இல் அமெரிக்கா நிறைவேற்றிய குடிவரவுச் சட்டம் நாடுவாரியாக ஆண்டு ஒதுக்கீடு விதித்தது. 1929க்குப் பிறகு எல்லா ஒதுக்கீடும் சேர்த்து ஏறத்தாழ 1,54,000 இடங்கள். அதில் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும் 65,721. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து, 1938க்குப் பின், 27,370. ருமேனியாவுக்கோ சில நூறு. யூதர்கள் பெருமளவில் வாழ்ந்த கிழக்கு ஐரோப்பாவுக்கு இடம் குறைவாகவும், தப்பியோட வேண்டிய தேவையே இல்லாத நாடுகளுக்கு இடம் ஏராளமாகவும் இருந்தது தற்செயல் அல்ல. எந்த மக்கள் வரலாம், எந்த மக்கள் வரக் கூடாது என்று தீர்மானித்து எழுதிய கணக்கு அது.

கல்யாணம் அந்தக் கணக்கை உடைக்குமா? அமெரிக்க ஆண் ஒருவன் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் அவள் ஒதுக்கீட்டுக்கு வெளியே, எண்ணிக்கை வரம்பு இல்லாமல் வரலாம். அமெரிக்கப் பெண் ஒருத்தி வெளிநாட்டு ஆணை மணந்தால்? 1932 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கல்யாணமாக இருந்தால் கணவன் ஒதுக்கீட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். வரிசையில் முன்னுரிமை மட்டும் உண்டு. ஆக, எம்மியின் கையெழுத்துக்குச் சட்டம் கொடுத்த மதிப்பு, ஓர் ஆணின் கையெழுத்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. படம் இதைப் பேசவில்லை. நான்கு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் நகர்ந்துவிடுகிறது. இந்த ஆண்-பெண் பாகுபாடு 1952 வரை நீடித்தது.

நம்மவர்களுக்கு அன்றைக்கு அந்தக் குறுக்குவழிகூடக் கிடையாது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவைத் தடுக்கப்பட்ட ஆசிய மண்டலத்துக்குள் வைத்துவிட்டது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு போகவில்லை. 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலானை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழப்பாள். 1931இல்தான் அந்தப் பிரிவு நீங்கியது. எஸ்பெரான்ஸா ஓட்டலில் ஜார்ஜுக்குப் பதில் ஒரு தஞ்சாவூர்க்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ தங்கியிருந்தால் இந்தக் கதையே நகர்ந்திருக்காது. சில ஆண்டுகள் முன்னதாக நடந்திருந்தால், எம்மி அவரை உள்ளே கொண்டுவருவதற்குப் பதில் தானே சொந்த நாட்டில் அந்நியளாகியிருப்பாள்.

படம் வெளியான ஆண்டின் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1940 ஜூனில் வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் பிரெக்கன்ரிட்ஜ் லாங், சட்டத்தை மாற்றாமலேயே குடிவரவைத் தடுப்பது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதினார். துணைத்தூதரகங்கள் ஆவணத்துக்கு மேல் ஆவணம் கேட்டு, முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்பது அதன் சாரம். 1941 ஜூனில் புது விதி: ஜெர்மனியின் பிடியில் உள்ள நாடுகளில் நெருங்கிய உறவினரை விட்டுவிட்டு வருபவர்களுக்கு விசா மறுக்கப்படலாம். குடும்பத்தைப் பணயமாகக் காட்டி நாஜிகள் அவர்களை உளவுக்குப் பயன்படுத்துவார்களாம். ஜூலையில் ஜெர்மனியிலும் ஜெர்மனி பிடித்த நாடுகளிலும் இருந்த அமெரிக்கத் துணைத்தூதரகங்கள் மூடப்பட்டன. படம் வந்தது செப்டம்பர் இறுதியில். அக்டோபரில் ஜெர்மனி யூதர்கள் வெளியேறுவதையே தடைசெய்தது. திரையரங்கில் ஹாமக் புன்னகையோடு எல்லையைத் திறந்துவிட்ட அதே வாரங்களில் நிஜ எல்லைகள் இரு பக்கமும் அடைபட்டன.

இதைப் படத்தின் குற்றமாக மட்டும் சொல்வது நியாயமாகாது. எழுதியவர்கள் முடிந்த இடத்தில் ஊசி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவை எம்மி ஓர் ஏரியாக வருணிக்கும் காட்சி அப்படிப்பட்டது. புதிய ஓடைகள் வந்து கலந்துகொண்டே இருப்பதால் அது தேங்கிப் போகாது என்கிறாள். ஓடைகளைத் தடுக்க உங்கள் ஆட்கள் உயரமாக அணை கட்டுகிறார்களே என்கிறான் ஜார்ஜ். கசடு வந்துவிடாமல் இருக்கத்தான் அது என்று அவள் வெள்ளந்தியாகப் பதில் சொல்கிறாள். கல்மிஷமே இல்லாத நல்ல பெண் அவள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு எளிதாக வருகிறது. தான் சொல்வது எதிரில் நிற்கும் கணவனைத்தான் என்பது அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். ஒதுக்கீட்டுச் சட்டம் நல்லவர்களின் மனத்தில் எப்படிக் குடியிருந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய ஹாலிவுட் காட்சி, அக்காலத்துப் படங்களில் நான் பார்த்தவரை வேறில்லை. இன்னோர் இடத்தில், பெர்டா குர்ஸ் என்ற கர்ப்பிணி, எல்லையைத் தாண்டிக் குடிவரவு அலுவலகத்துக்குள்ளேயே பிள்ளை பெற்றுவிடுகிறாள். பிள்ளை அமெரிக்கக் குடிமகன். அவளை யாரும் மோசடிக்காரி என்று சொல்வதில்லை. ஜார்ஜ் செய்ததற்கும் அவள் செய்ததற்கும் இடையே சட்டத்தின் கண்ணில் என்ன வித்தியாசம் என்ற கேள்வியைக் கேட்காமலே கேட்டுவிட்டுப் படம் நகர்கிறது.

மையக் காட்சிக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து எம்மி ஊர் திரும்பிவிடுகிறாள். சில நாளில் எதிர்பாராமல் வந்து நிற்கிறாள். போலிக் கல்யாணங்களைத் துப்பறியும் ஹாமக்கும் அதே நேரத்தில் அங்கே திரிகிறார். அவர் கண்ணில் படாமல் இருக்க ஜார்ஜ் அவளைத் தேனிலவு என்று சொல்லி மெக்சிகோவின் உட்புறக் கிராமங்களுக்குக் கூட்டிப்போகிறான். ஒரு கிராமத்துத் திருவிழாவில் புதுமணத் தம்பதிகளுக்கு ஆசி வழங்குகிறார்கள்; இவர்களும் மண்டியிடுகிறார்கள். தோளில் அடிபட்டுவிட்டதாக நடித்து, அவளைத் தொடாமல் இரவைக் கழிக்கிறான் ஜார்ஜ். ஏமாற்ற வந்தவனுக்கு முதல் தடவையாகக் கூச்சம் வருகிறது. இதெல்லாம் அழகாகப் படமாக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் இது அவன் மனம் மாறிய கதை மட்டுமே. கல்யாணம் மாறுவது பிறகு. எல்லாம் ஏமாற்று என்று அனிடா எம்மியிடம் போட்டு உடைக்கிறாள். ஹாமக் வருகிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜார்ஜுக்கு அமெரிக்காவின் கதவு என்றென்றைக்கும் மூடிவிடும். அப்போதுதான் நொறுங்கிப்போன எம்மி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கணவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனை விட்டுப் போகிறாள், ஆனால் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை.

அந்த நொடி வரை அவள் மட்டும்தான் கல்யாணத்தில் இருந்தாள். அவன் நாடகத்தில் இருந்தான். பொய் சொல்லத் தெரியாத பெண் ஒரு பொய்யைக் காத்தபோதுதான் இருவரும் ஒரே பக்கம் வந்து சேர்கிறார்கள். பொய்யும் தவறும் தோன்றிய பிறகே கரணம் என்ற மணச்சடங்கைப் பெரியோர் வகுத்தார்கள் என்று தொல்காப்பியத்தின் கற்பியல் சொல்கிறது. களவில் கூடியவன் பின்னால் இல்லையென்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. எஸ்பெரான்ஸா ஓட்டலில் வரிசை தலைகீழாகிவிட்டது. அங்கே சடங்கும் சாட்சியும் பதிவும் முதல் இரவிலேயே முடிந்துவிட்டன. பொய்யை விலக்க வந்த கரணமே பொய்க்குக் கருவியாகிவிட்டது. சடங்கு செய்யத் தவறியதை அவளுடைய மௌனம் செய்தது.

அதற்குப் பிறகு எம்மிக்கு நேரும் கார் விபத்து, ஜார்ஜ் எல்லையை மீறி லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனைக்கு ஓடுவது, ஐநூறு டாலருக்குத் தன் கதையை ஒரு சினிமா இயக்குநரிடம் விற்க முயல்வது எல்லாம் வேகமாகக் கடக்கின்றன. அந்த இயக்குநராக லைசனே நடித்திருக்கிறார். குற்றம் செய்தவன் பலன் பெறக் கூடாது என்ற அக்காலத் தணிக்கை விதிக்குப் படம் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. ஒப்புதல் வாக்குமூலமும் ஹாமக்கின் மன்னிப்பும் அதற்கான தீர்வு. நல்ல அதிகாரி ஒருவர் இருந்தால் போதும், சட்டம் அப்படியே இருக்கலாம் என்ற ஆறுதலோடு பார்வையாளர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, அந்த ஆறுதல் இல்லாத ஒரு படம் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்', 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அந்த ஆண்டு நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் கோயன் சகோதரர்கள். ஈழப்போரின் முடிவில், தோழர்களின் உடல்களை எரித்து, தன் சீருடையையும் நெருப்பில் போடும் புலிப் போராளி சிவதாசன். ஏஜென்சிக்காரரிடம் இருப்பது இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகள்: கணவன், மனைவி, ஒன்பது வயது மகள். யாழினி என்ற பெண், முகாமில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தேடி அலைந்து இளையாளைக் கண்டுபிடிக்கிறாள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரு குடும்பமாகி, பாஸ்போர்ட்டில் உள்ள தீபன் என்ற பெயரைச் சிவதாசன் சூடிக்கொள்ள, பிரான்ஸுக்குக் கப்பலேறுகிறார்கள்.

ஜார்ஜுக்கும் எம்மிக்கும் இடையே ஒரு பதிவாளராவது இருந்தார். இங்கே அதுவும் இல்லை. செத்தவர்களின் தாம்பத்தியத்தை உயிரோடிருப்பவர்கள் எடுத்து உடுத்திக்கொள்கிறார்கள். ஷோபாசக்தி என்ற பெயரில் நாம் வாசிக்கும் அந்தோனிதாசன் யேசுதாசன் தீபனாக நடித்திருக்கிறார். இளம் வயதில் இயக்கத்தில் இருந்து, பிறகு விலகி, தாய்லாந்து வழியாக 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர் அவர். அகதி அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்காருவது அவருக்கு நடிப்பு மட்டுமல்ல. அந்த விசாரணைக் காட்சியில் மொழிபெயர்ப்பாளரும் தமிழர். அதிகாரிக்குப் புரியாத மொழியில் அவர் தீபனுக்குப் புத்தி சொல்கிறார். இந்தக் காட்சியை உலகம் முழுவதும் அடிவரியில் வாசித்தார்கள். நாம் காதால் கேட்கிறோம். எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அங்கே செல்லாது. அரசாங்கத்துக்குத் தேவை உண்மை அல்ல, நம்பும்படியான கதை. நிஜமாகவே எல்லாவற்றையும் இழந்த மனிதன், தன் இழப்பை விட்டுவிட்டு வேறொரு இழப்பைச் சொல்லக் கற்றுக்கொள்கிறான். ஈழத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ பேர் இந்த மேசையைக் கடந்து வந்தவர்கள். 'கேஸ்' எழுதுவது என்ற பேச்சு அவர்கள் வீடுகளில் பழகிப்போன ஒன்று. உண்மைக்கும் கேஸுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் படத்தின் குடும்பமும் வாழ்கிறது.

காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் நடித்த யாழினியைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். சென்னை நாடக மேடையிலிருந்து வந்த அவர், இந்தப் பெண்ணைத் தியாகியாக ஆக்கவில்லை. யாழினிக்கு இங்கிலாந்தில் உறவினர் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேரத்தான் இவ்வளவும். கணவன் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். மற்ற அம்மாக்கள் செய்வதுபோல் தன்னையும் பள்ளி வாசலில் முத்தமிட்டு அனுப்பச் சொல்லி இளையாள் கேட்கும்போது அவளுக்கு அது வருவதில்லை. நடிப்பைத் தொடங்கிய பெரியவள் தடுமாற, அந்த நடிப்பை வாழ்க்கையாக்கும் வேலையைச் சிறுமி தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். பிரான்ஸில் அவர்கள் தங்கியிருக்கும் குடியிருப்பில் துப்பாக்கிச் சூடு நடந்த பின் யாழினி தப்பியோடப் பார்க்கிறாள். தீபன் அவளைத் தடுத்து நிறுத்துகிறான். எந்த உரிமையில்? இறந்துபோன ஒருவனின் பாஸ்போர்ட் கொடுத்த கணவன் என்ற உரிமையில். காரியக் கல்யாணம் பெண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் நிஜக் கல்யாணமாகிவிடும் என்பதை அந்த இடம் பயத்தோடு உணர்த்துகிறது. காதல் வருவதற்கு முன்பே அதிகாரம் வந்துவிடுகிறது.

கடைசிப் பகுதியில் படம் துப்பாக்கியையும் புகையையும் நம்பிப் போனதும், இங்கிலாந்தின் வெயிலில் எல்லாம் நலமாவதும் எனக்கு ஏற்பில்லை. முன்னாள் போராளி என்றால் இறுதியில் கொல்லத்தான் வேண்டும் என்று திரைக்கதை எதிர்பார்த்திருக்கக் கூடாது. அதற்கு முன்னால் வரும் சமையலறைக் காட்சிகள் இன்னும் நீண்டிருக்கலாம்.

2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பர்ப்பிள் ஹார்ட்ஸ்' இந்த வரிசையில் மிக எளிய படம்; ஆனால் மிகப் பெரிய கூட்டம் பார்த்த படங்களில் ஒன்று. பாடகி காஸிக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலின் வாங்கக் கட்டுபடியாகவில்லை. மரைன் படைவீரன் லூக்குக்குக் கடன். ஈராக்குக்குப் போகும் முன் மணந்துகொண்டால் அவளுக்கு ராணுவக் காப்பீடு, அவனுக்குக் கூடுதல் படி. இந்த யோசனை அமெரிக்காவுக்குப் பழையது. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி படைவீரனின் மனைவிக்கு மாதம் 50 டாலர் வந்தது. அவன் சம்பளத்திலிருந்து 22, அரசு தருவது 28. அந்தப் பணத்துக்காகவே ஒன்றுக்கு மேற்பட்ட வீரர்களை மணந்த பெண்களைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் கோபமாக எழுதின. எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்தில் பணத்தின் இடத்துக்கு மருந்து வந்திருக்கிறது. வெளிநாட்டான் எல்லையைக் கடக்கச் செய்த தந்திரத்தை, சொந்த நாட்டுப் பெண் உயிரோடிருக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. குட்டு வெளிப்பட்டதும் லூக் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு ராணுவ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஆறு மாதச் சிறை. எம்மி வாய் திறக்காமல் செய்ததை அவன் வாய் திறந்து செய்கிறான். இங்கே மன்னிக்க ஹாமக் யாரும் வருவதில்லை. இன்சுலின் ஏன் அந்த விலை விற்கிறது என்று படமும் கேட்பதில்லை.

மூன்று படங்களும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: பொய்க் கல்யாணம் நிஜமாகிவிடுகிறது. அப்படி ஆகாவிட்டால் பார்ப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்று திரைத்துறை நம்புகிறது. காதல் வந்துவிட்டால் சொன்ன பொய்க்குப் பாவமன்னிப்பு. எனக்கு இங்கேதான் மனம் ஒட்ட மறுக்கிறது. உயிர் பிழைக்கச் சொன்ன பொய்யை நியாயப்படுத்தக் காதல் எதற்கு? உயிர் போதாதா?

காதல் வராமலே நின்ற காரியக் கல்யாணங்கள் நிஜ வாழ்வில் உண்டு. எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகள் எரிகா மன், 1933 ஜனவரி 1ஆம் தேதி மியூனிக்கில் ஒரு நையாண்டி மேடையைத் தொடங்கினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் குழுவோடு நாட்டை விட்டு வெளியேறினார். ஜெர்மன் குடியுரிமை பறிபோகும் நிலையில் பிரிட்டிஷ் கணவர் ஒருவர் தேவைப்பட்டார். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி பிரிட்டிஷ் ஆணை மணக்கும் அயல்நாட்டுப் பெண் அந்தக் கணமே பிரிட்டிஷ் பிரஜை. எரிகா முதலில் கிறிஸ்டோபர் இஷர்வுட்டைக் கேட்டார். அவர் மறுத்து, நண்பர் டபிள்யூ. எச். ஆடனிடம் சொன்னார். அதுவரை பார்த்தே இராத பெண்ணை மணக்க ஆடன் உடனே சம்மதித்தார். 1935 ஜூன் 15 அன்று லெட்பரி என்ற சிற்றூரில் பதிவு நடந்தது. இருவருமே தன்பாலினத்தவரைக் காதலித்தவர்கள். காதலுக்கான பாசாங்கே அங்கே இல்லை. மறு ஆண்டு வந்த தன் கவிதைத் தொகுப்பை ஆடன் எரிகாவுக்குச் சமர்ப்பித்தார். மணவிலக்கு பெறவில்லை. 1969இல் எரிகா இறக்கும்வரை சட்டத்தின் முன் அவர்கள் கணவன் மனைவி.

அதே மேடைக் குழுவின் பெரும் நடிகை தெரேஸ் கீஸே, யூதர். அவருக்கும் இதே வழியைச் செய்துகொடுத்தார்கள். 1936இல் ஜான் ஹாம்ப்சன் என்ற ஆங்கில நாவலாசிரியர் அவரை மணந்தார். படமாக்க வேண்டும் என்று நான் விரும்புவது இந்தக் கல்யாணத்தைத்தான். மழையில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் காட்சி அதில் இருக்காது. ஒரு மனிதர், முன்பின் தெரியாத இன்னொருவருக்காக அரசாங்கப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புகிறார். அந்தக் கையெழுத்தால் பிரிட்டிஷ் பிரஜையான கீஸே, 1941 ஏப்ரல் 19 அன்று ஸூரிச் நகர மேடையில் பிரெக்டின் 'அன்னை கரேஜ்' நாடகம் உலகில் முதன்முறையாக அரங்கேறியபோது, போரில் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழக்கும் அந்தத் தாயாக நடித்தார்.